ஏப்பம் விடும் வாளி

நடு ராத்திரி ஒரு மணிக்கு ஆத்தா என்னைத் தட்டி எழுப்பினாள்.

"தம்பி, கீழே யாரோ ஏப்பம் விடுறாக."

"ஏப்பமா?"

"ஆமா. விருந்து சாப்பிட்ட ஆளு விடுற மாதிரி. விட்டு விட்டு வருது. போய்ப் பாரு."

இது நடந்த இடம் காரைக்குடி இல்லை. அமெரிக்காவில், சியாட்டில் நகரத்துக்கு வெளியே, என் அக்கா மகனின் வீடு. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கொள்ளுப்பேத்தியைப் பார்த்தே தீருவேன் என்று ஆத்தா கிளம்பிவிட்டாள். துணைக்கு நான். (எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அம்மாவை ஆத்தா என்போம். அப்பாவை அப்பச்சி என்போம். தாய்மாமன் அம்மான். அம்மாவைப் பெற்ற பாட்டி ஆயா, தாத்தா ஐயா. இவ்வளவு முறை தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.)

படியிறங்கிப் போய்ப் பார்த்தேன். கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் வாளி. இறுக்கி மூடிய மூடி. அதன் மேல் விரல் நீளத்துக்கு ஒரு குழாய், குழாயில் கொஞ்சம் தண்ணீர். பத்து விநாடிக்கு ஒரு தடவை அந்தத் தண்ணீர் 'ப்ளக்' என்றது.

மேலே வந்து, "தண்ணி மோட்டார், ஆத்தா. தூங்கு" என்றேன்.

பொய். வாளிக்குள் இருந்தது பியர். பத்தொன்பது லிட்டர். என் மருமகன் அவன் கையாலேயே காய்ச்சியது.

ஒரு பியருக்காக எதற்கு நடு ராத்திரியில் பெற்ற தாயிடம் பொய் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அரசாங்கம் கடை போட்டு விற்கலாம், நீங்கள் வரிசையில் நின்று வாங்கலாம். வீட்டில் ஒரு செம்பு காய்ச்சினால் குற்றம். அமெரிக்காவிலும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. அங்கே மதுவிலக்கு 1933லேயே போய்விட்டாலும், வீட்டில் பியர் காய்ச்ச அனுமதி வர 1978 ஆனது. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரை வரியில்லை. விற்கத்தான் கூடாது.

சரி, வாளிக்கு வருகிறேன்.

முந்தின நாள் ஆத்தாவும் மருமகன் பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் காய்ச்சினான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். 'ரை பேல் ஏல்' என்று பெயர் சொன்னான். ரை என்பது குளிர்நாட்டுத் தானியம். கோதுமைக்குச் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காரமான, மண் வாசனை கலந்த ருசி.

முளைகட்டிக் காயவைத்த பார்லி நாலு கிலோ. முளைகட்டிய ரை ஒரு கிலோ. இரண்டையும் குருணையாக உடைத்து, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டான். தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முளைகட்டும்போது தானியத்துக்குள் உருவான நொதிகள், அந்தச் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுமாம். சூடு ஏறினால் நொதி செத்துவிடும், இறங்கினால் சோம்பல் பட்டுவிடும்.

ரையில் ஒரு தொல்லை. அதற்கு மேல் உமி கிடையாது, பிசின் மட்டும் அதிகம். வடிகட்டும்போது கூழாகி அடைத்துக்கொள்ளும். அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? நெல் உமி! பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள். நாலு கை அள்ளிப் போட்டதும் கஞ்சி கடகடவென்று இறங்கியது. நம் ஊர் ரைஸ் மில் வாசலில் மலை மாதிரிக் குவிந்து கிடக்குமே, அதே உமிதான்.

வடித்ததை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தான். அதில் போடுவதுதான் ஹாப்ஸ். ஒரு கொடியின் பூ. தாவர சாஸ்திரப்படி கஞ்சாச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஆனால் அந்தப் போதை இதற்கு இல்லை. அரைத்துக் குளிகையாக்கி வைத்திருக்கிறார்கள், பார்த்தால் ஆட்டுத் தீவனம் மாதிரி. கொதி ஆரம்பத்தில் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் வாசனை. அமெரிக்காவின் ஹாப்ஸில் பெரும்பங்கு அந்த வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. பயல் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டதற்குக் காரணம் புரிந்தது.

கசப்பு, ருசிக்கு மட்டுமில்லை. கெட்டுப்போகாமல் காப்பதும் அதுதான். இரு நூற்றாண்டுகளுக்கு முன்னால் லண்டனில் பீப்பாயில் ஏற்றிய பியர், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாசக்கணக்கில் மிதந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வரவேண்டும். அதனால் ஹாப்ஸைக் கூடுதலாகப் போட்டு அனுப்பினார்கள். அந்த ரகத்துக்குப் பிற்பாடு வந்த பெயர் 'இந்தியா பேல் ஏல்'. பெயரில் மட்டும்தான் இந்தியா. குடித்தது துரைமார்கள்.

கடைசியாக, செம்புக் குழாய்ச் சுருளில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, கஞ்சியை இருபது டிகிரிக்கு இறக்கி, ஈஸ்ட் தூவி மூடிவிட்டான். சர்க்கரையைத் தின்று ஈஸ்ட் இரண்டு பொருளைத் தருகிறது. ஒன்று ஆல்கஹால். இன்னொன்று, ஆத்தாவின் தூக்கத்தைக் கெடுத்த ஏப்பம்.

நான் பி.காம். படித்தவன். உடனே கணக்குப் போட்டேன். சாமான் செலவு நாற்பது டாலர். பாட்டில் ஐம்பது வரும். பாட்டிலுக்கு ஒரு டாலர்கூட ஆகவில்லை. "லாபம்தான்" என்றேன். "என் சனிக்கிழமை ஆறு மணி நேரத்துக்குக் கூலி போடுங்க அம்மான்" என்றான். போட்டேன். படு நஷ்டம்!

முளைகட்டிய தானியத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் ஒரு செய்முறை வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, 'நல்லடை' சேர்த்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்த கள். அது என்ன நல்லடை? நெல் முளையை இடித்துச் சேர்ப்பது என்று உரை சொல்கிறார்கள். மருமகன் தெர்மாமீட்டர் வைத்துச் செய்கிற அதே முளை வேலை! சொன்னதும் அவனுக்கு வாய் பிளந்துவிட்டது.

எங்கள் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போனால் பிரான்மலை. பாரி ஆண்ட பறம்பு மலை அதுதான் என்பார்கள். பாரி இறந்தபின் பறம்பைப் பிரிந்து போகும் கபிலர், புறநானூற்றில் அந்த நல்ல நாட்களை நினைத்து அழுகிறார். முதலில் நினைவுக்கு வருவது எது தெரியுமா? கள் சாடியின் வாயைத் திறந்ததும், கிடாய் அடித்ததும், ஊன்சோறு போட்டதும். எல்லோருக்கும் நடுவில், எல்லோரும் பார்க்கத் திறந்த சாடி.

எங்கள் வீட்டுக்குள்ளும் கள் வந்திருக்கிறது. அப்பத்தா ஆப்பத்துக்கு மாவு அரைத்தால் ஒரு சின்னச் செம்பு கள் வாங்கி வரச் சொல்வாள். பனையேறுகிறவர் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து தருவார். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாமல் இறக்கினால் கள் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். ஒரே மரம், ஒரே பாளை. நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

1987 ஜனவரியில் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. இன்றுவரை எடுக்கவில்லை. அப்போது எனக்கு ஏழு வயசு. அப்பத்தாவின் ஆப்பத்துக்குள் இளநீர் வந்தது. அவளுக்குக் கடைசிவரை அந்த ஆப்பம் பிடிக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

என் அப்பச்சி ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். செட்டிநாட்டு வீடு என்றதும் பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் உங்கள் கண்முன் வரும். எங்கள் வீடும் அப்படிப்பட்ட வீடுதான். ஆனால் பதினாலு பங்காளிகளுக்குப் பொது. எங்களுக்கு வந்தது இரண்டாம் கட்டில் இரண்டு அறை. ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் பித்தளை அண்டாக்களும் தவலைகளும். அப்பச்சி வெற்றிலைகூடப் போடமாட்டார். தெருவில் அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

1997ல் இறந்துபோனார். ஐம்பத்தொரு வயசு. மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம்.

மூன்று மாசம் கழித்து, விளக்குவதற்காக ஆத்தா அண்டாக்களை இறக்கச் சொன்னாள். ஏணி போட்டு ஏறினேன். மேல்தட்டில் இருந்த பெரிய அண்டாவை அசைக்க முடியவில்லை. உள்ளே கை விட்டேன். குவார்ட்டர் பாட்டில்கள். பழைய துணி சுற்றி, ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராதபடி அடுக்கியிருந்தது. கணக்கப்பிள்ளை அல்லவா, அடுக்கு சுத்தமாக இருந்தது. எண்ணினேன். நாற்பத்து மூன்று.

பதினேழு வயசில் அந்த நாற்பத்து மூன்றையும் சாக்கில் கட்டி, இருட்டியபின் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டேன். ஆத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. அப்போது நாலு வயசாக இருந்த மருமகனுக்கும் ஐயா செத்தது மஞ்சள் காமாலையில்தான்.

அந்த ராத்திரி நான் ஏன் மோட்டார் என்று சொன்னேன் என்பது இப்போது புரிகிறதா?

பொய் இரண்டு வாரம் தாங்கியது. பாட்டிலில் அடைக்கிற நாள். மருமகன் கொட்டகையில் ஐம்பது காலி பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்திருந்தான். இந்தத் தொழிலில் முக்கால்வாசி கழுவுகிற வேலைதான். துளி அழுக்கு இருந்தாலும் புளித்துப் போகும். நான் மூடி போடும் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. ஆத்தா.

அவள் கண் முதலில் போனது அலமாரிக்கு. மிச்சமிருந்த பாக்கெட்டைக் கையில் எடுத்தாள்.

"இது உமியில்ல?"

"ஆமா ஆயா."

"காசு குடுத்தா வாங்கினே?"

"ரெண்டு டாலர்."

"உமிக்கா!" பக்கத்தில் இருந்த படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஜென்மத்தில் கேட்ட பெரிய அநியாயம் அதுதான். "எதுக்குடா ராசா உனக்கு உமி?"

நான் கண்ணைக் காட்டினேன். பயல் கவனிக்கவில்லை. "பியர் காய்ச்சுறேன் ஆயா. ரை போட்டா அடைச்சுக்கும். அதுக்கு உமி" என்று ஆதியோடந்தமாக ஆரம்பித்துவிட்டான். முளை, சூடு, ஈஸ்ட், எல்லாம். ஹாப்ஸ் குளிகையை அவள் உள்ளங்கையில் வைத்தான். நசுக்கி மோந்து பார்த்தாள். "எலுமிச்சந்தோல் வாசம் அடிக்குது. கசப்பு வேப்பம்பூ மாதிரி" என்றாள். வடித்த சக்கையை என்ன செய்தாய் என்று கேட்டாள். குப்பைக்குழியில் போட்டதாகச் சொன்னான். "ஒரு மாடு இருந்தா வச்சிருக்கலாம்" என்றாள்.

அப்புறம் அவள் பார்வை பாட்டில்களுக்குத் திரும்பியது. ஐம்பது பாட்டில். ஜன்னல் வெளிச்சம் பட்டு வரிசையாக நின்றன. ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு வயிறு கலங்கியது.

"இம்புட்டையும் எங்கே ஒளிச்சு வைப்பே?"

மருமகன் சிரித்தான். "ஒளிக்கிறதா? எதுக்கு ஆயா?"

நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

"உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?"

"அவதான் லேபிள் வரைஞ்சா. பாருங்க, பாப்பா கால் தடம்."

ஆத்தா லேபிளை வாங்கிப் பார்த்தாள். பிறகு, அந்தப் படியில் உட்கார்ந்தபடியே, இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லாததைப் பேரனிடம் சொன்னாள். காமாலை இல்லை என்று. அண்டாவை. துணி சுற்றிய பாட்டில்களை. எனக்கே தெரியாத ஒன்றையும் சொன்னாள். அவளுக்கு முன்னாலேயே தெரியுமாம். வாடை தெரியாமல் இருக்குமா? கேட்டால் அவர் முகம் செத்துப்போகும் என்று கேட்கவில்லையாம்.

"அவுக எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக் குடிச்சாக. நான் தெரியாத மாதிரி இருந்தேன். தெரிஞ்சு குடிச்சிருந்தா, போதும் நிறுத்துங்கன்னு ஒரு நாளாவது சொல்லியிருப்பேன்."

மூடி போடும் கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

வாசகர்களே, மதுவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லிவிட்டது. கள் இருந்திருந்தால் அப்பச்சி பிழைத்திருப்பார் என்றும் சொல்லமாட்டேன். கள் குடித்தே அழிந்த குடும்பங்களும் எங்கள் தெருவில் இருந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது தானியமும் இல்லை, பனையும் இல்லை. சாராயத்தில் கலந்த மெத்தனால். தொழிற்சாலைக்குப் போகவேண்டிய சரக்கு. உடம்புக்குள் போனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. முகம் தெரியாத யாரோ கலந்து, இருட்டில் விற்று, அவசரமாக விழுங்கப்பட்டது.

நான் சொல்ல வருவது இருட்டைப் பற்றி மட்டும்தான். மருமகன் வாளியில் இருப்பது ஐந்தரை சதவீதம். அவன் நோட்டில் ஒவ்வொரு தடவையும் போட்ட எடை, சூடு, தேதி எல்லாம் எழுதியிருக்கிறான். ஆறு மணி நேர உழைப்பு, நாலு வாரக் காத்திருப்பு. அவ்வளவு பாடுபட்டதை யாரும் ஒரே மூச்சில் கவிழ்க்கமாட்டார்கள். நம் ஊரில் குவார்ட்டர் 42.8 சதவீதம். கடைச் சுவர் ஓரமாக நின்று, தெரிந்தவர் யாரும் வருவதற்குள் இரண்டு மடக்கில் முடித்துக்கொண்டு, பாக்கு போட்டு, வீட்டுக்குள் பக்கவாட்டில் நுழைகிறோம். வீட்டிலும் தெரியாத மாதிரியே இருந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு அண்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டியவர்கள் கேட்கட்டும். சத்தம் போடாமல், முகம் செத்துப்போகாமல் கேட்க முடிந்தால் ரொம்ப நல்லது.

அன்றைக்கு ஆத்தா எழுந்து வந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள், நான் மூடி போட்டேன். ஒரு சொட்டு வாயில் வைக்கவில்லை. "நான் நல்லதுன்னு சொல்லல" என்று மூன்று தடவை சொன்னாள். கடைசிப் பாட்டில் முடிந்ததும் நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"காய்ச்சின கணக்கு இருக்கு. குடிச்ச கணக்கு எங்கே?"

"அது எழுதுறதில்ல ஆயா."

"எழுது. வரவு எழுதினா செலவும் எழுதணும். உங்க ஐயா அப்படித்தான் எழுதுவாக, கடைக் கணக்கை."

காரைக்குடிக்குத் திரும்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். கொள்ளுப்பேத்தி தவழ்ந்தாளா, பல் வந்ததா என்று விசாரணை எல்லாம் முடிந்தபிறகு ஆத்தா குரலைச் சற்றும் தாழ்த்தாமல், பங்காளி வீட்டுக்கும் கேட்கும்படி கேட்பாள்:

"எத்தனை மிச்சம்?"

"நாப்பத்தொண்ணு ஆயா."

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொள்கிறாள். போன வாரம் நாற்பத்து நாலு. மூன்று பாட்டில் அதிகப்படியா என்று என்னிடம் கேட்டாள். சிநேகிதர்கள் வந்திருந்தார்களாம் என்றேன்.

"அதையும் எழுதச் சொல்லு" என்றாள்.